குதிரைக்காரன் திரும்பி வந்த படம்

திரை முழுக்கப் புழுதி. புழுதிக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி பைய அசைந்து குதிரையாகிறது. குதிரை மேல் ஒரு தொப்பி தெரிகிறது. தொப்பிக்குக் கீழே முகம் தெரிய இன்னும் நேரம் கிடக்கிறது. அதற்குள் தியேட்டரின் பெஞ்சு வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது.

"வந்துட்டாம்லே! ஏலே, வந்துட்டாம்லே!"

என் பக்கத்தில் இருந்த செய்யது பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுகிறான். துண்டிலிருந்து பஞ்சுத் தூசி பறக்கிறது. அது முந்தின நாள் ஷிப்டில் ஒட்டிய தூசி. புரொஜெக்டர் வெளிச்சத்தில் பறந்துபோய்த் திரையில் கிடக்கிற புழுதியோடு அது சேர்ந்துகொள்கிறது. எங்கள் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சு எது, அமெரிக்காவின் மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் பார்த்த சினிமா முடிவுகளில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்லமாட்டேன். யார் வந்து வாதாடினாலும் சரி. இந்த வாரம் அந்த முடிவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஞாயிறு பத்தரை மணி

நானும் செய்யதும் அப்போது நூல் மில்லில் வேலை பார்த்தோம். எனக்கு ஆபீஸில் கிளார்க் உத்தியோகம், அவனுக்கு ஸ்பின்னிங்கில். சாப்பாட்டுச் சங்கு ஊதினால் இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்தடியில்தான் தூக்குச்சட்டியைத் திறப்போம். எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று, குதிரைப் படம். மற்ற எல்லாவற்றிலும் சண்டைதான்.

எங்கள் ஊர்த் தியேட்டரில் இங்கிலீஷ் படம் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மட்டும் போடுவார்கள். எங்கள் சபையில் ஆராதனை முடிய ஒன்பதே முக்கால் ஆகும். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். ஐயருக்குப் பிரசங்கத்தில் உற்சாகம் வந்துவிட்டால் பத்தும் தாண்டிவிடும். நான் கடைசி பெஞ்சில், கதவோரமாக உட்கார்ந்திருப்பேன். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் ஆமென் என்று நான் சொல்வது வாசலுக்கு வெளியேதான் கேட்கும். செய்யது சைக்கிளோடு அங்கன நின்றுகொண்டிருப்பான்.

"என்ன வே, உங்க ஐயர் இன்னிக்கு இஸ்ரவேலரைக் கடல் தாண்ட விட்டாரா இல்லியா?"

"தாண்டியாச்சு வே. மிதியும்."

எனக்கு ஏன் இந்தப் படங்கள் மேல் இப்படியொரு கிறுக்கு என்று என் மனைவி எஸ்தர் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். நான் பிறந்தது திசையன்விளைப் பக்கம். செம்மண் தேரிக்காடு. ஆனிக் காற்று அடித்தால் அந்தப் புழுதியில் எதிரே வருகிறது ஆளா மாடா என்று தெரியாது. தமிழ்ப் படங்களில் வயல் வரும், ஆறு வரும், அரண்மனை வரும். என் ஊர் மண் எதிலும் வந்ததில்லை. குதிரைப் படத்தில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். பனைமரம் ஒன்றுதான் குறை.

பேர் தெரியாத மனிதர்கள்

எங்களுக்கு எந்த நடிகரின் பெயரும் தெரியாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நெட்டையர், சுருட்டு, கண்ணைச் சுருக்குதவன், இப்படி. படத்துக்கும் அதே முறைதான். கிணற்றுப் படம் என்றால் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காகத் துப்பாக்கி தூக்குகிற படம். வாய்க்கால் மடை திறக்கிற சண்டையில் மண்வெட்டி தூக்கியவர்கள் எங்கள் தியேட்டரில் நிறையப் பேர் உண்டு. அந்தப் படத்துக்கு யாரும் கதை சொல்லத் தேவைப்படவில்லை.

தந்திக் கம்பிப் படம் இன்னொன்று. பாலைவனத்தில் கம்பம் நட்டுக்கொண்டே போகிற மூன்று பேர். முக்கால்வாசி நேரம் பேச்சே கிடையாது. ஒருவன் குழி தோண்டுவான், ஒருவன் தூக்குவான், ஒருவன் மலையைப் பார்ப்பான். சும்மா மலையைப் பார்க்கிற ஆளை அரை மணி நேரம் காட்டி என்னை நெஞ்சு படபடக்க உட்கார வைத்தார்களே, அதைச் செய்தவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

இந்த ஆட்கள் பேசமாட்டார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. காப்பியைக் குடிப்பார்கள், கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள், எழுந்து போவார்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் தொப்பியை விரலால் தொடுவார்கள். எங்கள் மில்லில் ஒரு மாதம் முழுக்க எல்லோரும் இல்லாத தொப்பியைத் தொட்டுக்கொண்டு அலைந்தோம். வெல்டர் பரமசிவம் ஒருபடி மேலே போனார். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதம் இருந்து வேஷம் கட்டுகிறவர்கள் காளி, குறவன், போலீஸ் என்று கட்டுவார்கள். இவர் குதிரைக்காரன் வேஷம் கட்டினார். ஓலைத் தொப்பி, இடுப்பில் மரத் துப்பாக்கி, கையில் வெல்டிங் கையுறை. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இத்தனையிலும் முதல் இடம் சத்திரத்துப் படத்துக்குத்தான். பாலைவனச் சாலையோரம் ஒரு சத்திரம். தபால் வண்டிகள் அங்கே நின்று களைத்த குதிரைகளை மாற்றிக்கொண்டு போகும். அதை ஒரு விதவை தனியாக நடத்துகிறாள். நாலு முரடர்கள் அவளை விரட்டிவிட்டு இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். வழிப்போக்கனாக ஒருவன் வருகிறான். கைப்பம்பைச் சரி செய்கிறான், கூரை வேய்கிறான், கடைசியில் நாலு பேரையும் ஒற்றை ஆளாக எதிர்த்து நிற்கிறான். அந்தச் சண்டையில் அவனுடைய செவலைக் குதிரை செத்துப்போகிறது. அவனுக்கு இடது கையில் குண்டு. கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, அவளுடைய கறுப்புக் குதிரையில் ஏறிக் கிளம்பிவிடுகிறான். அவள் வாசலில் வந்து நிற்கிறாள். அடுத்த கணம் புழுதி, புள்ளி, குதிரை, தொப்பி. திரும்பி வந்துவிட்டான்.

படம் விட்டு சைக்கிளில் போகும்போது சண்டை ஆரம்பித்தது.

"வே, போகும்போது கை தூளியில கெடந்துச்சு. வரும்போது ரெண்டு கையாலயும் கடிவாளம் பிடிச்சுட்டு வாரானே?" என்றேன்.

"ஆறிருக்கும் வே. மூணு மாசம் கழிச்சு வாரான்."

"எலும்புல பட்ட குண்டு. ஆறு மாசம் ஆகும்."

"உமக்கு எல்லாத்துலயும் ஒரு மூணு கூடத்தான்."

"சரி, செவலைக் குதிரை செத்துட்டுல்லா? அதுலயே வாரானே?"

செய்யது மேட்டில் எழுந்து நின்று மிதித்தான். "அதே சாடையில வேற குதிரை வாங்கிருப்பான். பிரியம் வச்ச குதிரை பாத்துக்கிடும்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அறுபட்டதும் ஒட்டினதும்

ஆபரேட்டர் சுடலைமுத்து அண்ணாச்சியை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருநாள் படம் விட்டதும் மாடியில் அவருடைய ரூமுக்குப் போனேன். புரொஜெக்டரில் எரிகிற கரிக்குச்சியின் வாடையும், பிலிம் ஒட்டுகிற பசையின் வாடையும் மூக்கைத் துளைத்தன. ஒரு கொடி கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் துண்டுப் பிலிம்களைத் தொங்கவிட்டிருந்தார். பழைய பிரதி ஓடும்போது அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இடத்தை பிளேடால் சுரண்டி, பசை தொட்டு, ஊதி, ஒட்டிவிடுவார். கண் சிமிட்டுகிற நேரம் ஆகாது.

"இதுக்குப் பேரு சினிமாவா அண்ணாச்சி? தையக்கடை மாதிரில்லா இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "வாரம் பூரா மில்லுக்குள்ள கெடக்கிற சனம். ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் முகம் தெளிஞ்சு வீட்டுக்குப் போவுது. அந்த முகத்தோட அனுப்பி வைக்கணும்லா" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ மனுஷன் தத்துவம் பேசுகிறார் என்று இறங்கி வந்துவிட்டேன்.

செய்யது போனதும் வந்ததும்

செய்யதுக்கு நூர்ஜகானோடு கல்யாணமாகி மறு வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. நூர்ஜகான் மதினி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவன் ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான். திடீரென்று ஒருநாள் வளைகுடாவுக்கு விசா வந்திருக்கிறது என்றான்.

பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மட்டும் சொன்னான். "நான் திரும்பி வரமாட்டேன் வே. அவ முகத்தைப் பாக்க என்னால முடியல."

நான் அவன் பெட்டியைத் தூக்கி பஸ் மேல் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

நாலு வருஷம். முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு பெருநாளுக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. நூர்ஜகான் தாய்வீட்டுக்குப் போகவில்லை. அதே வீட்டில் இருந்தாள்.

ஒரு மத்தியானம் ஒரு பையோடு செய்யது வந்து இறங்கினான். முன்னறிவிப்பு ஒன்றும் கிடையாது. என்னத்துக்கு வந்தே, எப்படி வந்தே என்று ஊரே துளைத்தது. அவன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னான். "சத்திரத்துப் படத்துல அவன் திரும்பி வரலியா? அது மாதிரி வந்துட்டேன்."

நூர்ஜகானிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னாள், வந்த மருமகள்களுக்குச் சொன்னாள். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் குதிரைக்காரன் ஒரு உறவுக்காரன் மாதிரி. கோபம் வந்தால் கூட, "என்னைத் தேடி குதிரையில வந்த ஆளு" என்று சொல்லித்தான் சமாதானமாவாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் பெண்கள் பத்தரை மணி இங்கிலீஷ் படத்துக்குப் போகிற வழக்கமே இல்லை.

மகள் தேடிக் கொடுத்தது

அந்தப் படத்தை நான் பல வருஷம் தேடினேன். போஸ்டரில் எங்கள் ஊர் பெயிண்டர் எழுதிய தமிழ்ப் பெயர்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துத் தேடினால் உலகத்தில் அப்படியொரு படமே இல்லை. போன மாதம் பெங்களூரில் இருக்கிற என் மகளிடம் கதையைச் சொன்னேன். சத்திரம், விதவை, தூளி கட்டின கை. இரண்டு நாளில் கண்டுபிடித்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு டிவியில் வருகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டாள்.

நான் ஆர்வக்கோளாறு பிடித்தவன். படத்தை ஓட்டிக்கூடப் பார்க்காமல் மேலப்பாளையத்துக்குப் போன் போட்டேன். செய்யது இப்போது மகனோடு அங்கேதான் இருக்கிறான். போனை நூர்ஜகான் வாங்கிக்கொண்டாள்.

"நெசமாவா அண்ணே? நாப்பது வருசமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன், கண்ணால ஒருநாளும் பாக்கல. முட்டு வலியெல்லாம் கெடக்கட்டும், ஞாயித்துக்கிழமை வந்துருதோம். பத்தரை மணிதானே?"

வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை மாதிரி நான் மட்டும் படத்தைப் போட்டேன். முதல் காட்சியே புழுதி. புழுதிக்குள் புள்ளி, குதிரை, தொப்பி. முடிவை முன்னால் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பார்த்தபோது படம் நேராக அவன் சத்திரத்துக் கிணற்றில் தண்ணீர் குடிப்பதில்தான் தொடங்கியது.

கடைசியில் அவன் தூளி கட்டிய கையோடு கறுப்புக் குதிரையில் போனான். அவள் வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். காற்று அவள் பாவாடையை அசைத்தது. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

அவன் வரவே இல்லை.

நான் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். அப்புறம்தான் சுடலைமுத்து அண்ணாச்சியின் பிளேடும் பசையும் ஞாபகத்துக்கு வந்தன. முதல் காட்சியை வெட்டிக் கடைசியில் ஒட்டியிருக்கிறார். வருகிறவனைத் திரும்பி வருகிறவனாக ஆக்கிவிட்டார். படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது பழையபடி ஒட்டி அனுப்பியிருப்பார், அந்த நேர்மை அவரிடம் உண்டு. செத்த குதிரை உயிரோடு வந்ததும், குண்டு பட்ட கை சரியானதும் இதனால்தான். இரண்டு பேரும் சைக்கிளில் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டோமே, ஒருவருக்கும் இது தோன்றவில்லை!

சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூர்ஜகான் மதினி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நாற்பது வருஷமாக அவள் சாய்ந்து நிற்கிற சுவரை நானே கூப்பிட்டு வைத்து இடிக்கப் போகிறேன்.

"கடைசியில அவ வாசல்ல நிக்கும்போது டிவியை நிறுத்திருவேன். நெட்டு போயிட்டுன்னு சொல்லிரலாம்" என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"நூர்ஜகான் என்ன பச்சப்புள்ளையா? பேசாம இருங்க" என்றாள் எஸ்தர். நான் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுக்க ரிமோட்டை வைத்துப் பழகினேன்.

மறுபடியும் பத்தரை மணி

ஆராதனை முடிந்து நாங்கள் வந்து கதவைத் திறக்கவும் அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. மதினி ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நல்ல சேலை. செய்யது நான் நீட்டிய நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

புழுதியில் அவன் வந்தான்.

"இவன்தானா? கொஞ்சம் நம்ம மூத்தவன் சாடை இருக்கு" என்றாள் மதினி. பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை. செவலைக் குதிரை விழுந்தபோது மட்டும் "யா அல்லா" என்றாள்.

எனக்குப் படத்தில் கவனம் ஓடவில்லை. கை ரிமோட்டிலேயே இருந்தது. அவன் கறுப்புக் குதிரையில் ஏறினான். அவள் வாசலுக்கு வந்தாள். நான் விரலை எடுத்து வைக்கிறேன், செய்யது என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஓடட்டும் வே" என்றான்.

ஓடியது. அவள் நின்றாள், காற்று அடித்தது, எழுத்துகள் வந்தன. மதினி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமேத்தான் வருவானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எஸ்தர் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"வரமாட்டான் நூரு. அவன் வரவே இல்லை" என்றான் செய்யது. "நம்ம ஊர்லதான் வந்தான். சுடலைமுத்து அண்ணாச்சி ஒட்டுன ஒட்டு. நான் வளைகுடாவுல இருக்கும்போதே தெரியும். எங்க கேம்ப்ல ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் படத்தை வீடியோவுல போட்டாங்க. இதே மாதிரித்தான் முடிஞ்சுது."

நாற்பது வருஷம் இவன் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

மதினி அவன் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க யாரைப் பாத்துட்டு வந்தீய?"

"வாசல்ல நின்னாளே, அவளைப் பாத்துட்டு" என்றான் செய்யது. "நம்ம தியேட்டர்ல அவ நிக்கதைப் பாக்கவே விடல, ஒடனே குதிரை வந்துட்டு. அங்கதான் பாத்தேன். எவ்வளவு நேரம் நிக்கா பாத்தியா? என்னால அதுக்கு மேல அங்க இருக்க முடியல. மறுவாரம் கெளம்பிட்டேன்."

வெளியே பழக்காரரின் மைக் சத்தம் வந்து போனது. மதினி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். குழந்தை போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். செய்யது அவள் பக்கம் கையை நீட்டவில்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. அப்படியே இருந்தான்.

"அண்ணே" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "மொதல்ல தூரத்துலேருந்து வாராம்லா, அதை மட்டும் இன்னொரு தடவை போடுதியளா?"

முதலுக்குப் போனேன். புழுதி. புள்ளி. குதிரை. தொப்பி. இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான்.

"கை நல்லா ஆறிட்டு" என்றாள் மதினி.

"மூணு மாசம்" என்றான் செய்யது.

"ஆறு மாசம் வே" என்றேன்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் நூர்ஜகான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு வருசம்."